‘-ஓ2’ போட்டதும் நிரல் விழுகிறதே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்பைலர் விருப்பங்களின் பெயர்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். ‘-ஓ2’-வில் உள்ள ‘ஓ’ எழுத்து, பூஜ்யம் அல்ல. ‘-ஓ0’ என்றால் ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லை; ‘-ஓ1’, ‘-ஓ2’, ‘-ஓ3’ என்று எண் கூடக் கூட அது அதிகமாகும்.

சி மொழியில் எழுதிய என் நிரல் ‘-ஓ0’-வில் நாள் முழுக்க ஓடுகிறது. ‘-ஓ2’ போட்டுக் கம்பைல் செய்தால் சில நிமிடங்களில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் விழுவது). கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. அப்படியானால் தப்பு ஜிசிசி கம்பைலருடையதுதானே?
— மென்பொருள் பணியாளர், கோவை

பெரும்பாலும் இல்லை. ‘-ஓ0’-வில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகத்தில்) தனி இடம் உண்டு. ஒவ்வொரு வரியிலும் அங்கிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் அங்கேயே திருப்பி வைக்கும். ‘-ஓ2’-வில் பல வேரியபிள்கள் ரிஜிஸ்டரிலேயே (ப்ராசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) பிறந்து அங்கேயே முடிந்துவிடும். சிறிய ஃபங்ஷன்கள் அழைத்த இடத்திலேயே கரைந்துபோகும். ஸ்டாக்கின் அமைப்பே வேறாகிவிடும். 10 இடமுள்ள அர்ரேயில் 11-ஆவதாக எழுதும் தவறு முன்பு யாருக்கும் தேவைப்படாத நிரப்பு பைட்டில் விழுந்து சத்தமில்லாமல் போயிருக்கும். இப்போது அதே எழுத்து இன்னொரு பாயிண்டரின் மேலோ, திரும்பிப் போகவேண்டிய முகவரியின் மேலோ விழுகிறது. தொடக்க மதிப்பு தராத வேரியபிளும் இப்படித்தான்: முன்பு தற்செயலாக 0 இருந்தது, இப்போது முந்தைய கணக்கின் மிச்சம் இருக்கிறது.

ஆகவே முதலில் உங்கள் கோடைச் சோதியுங்கள். வரிசை முக்கியம். ‘-ஓ2’-வை எடுக்காமலே ‘-டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா’ சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். தொடக்க மதிப்பு இல்லாத வேரியபிள் பற்றிய எச்சரிக்கைகளில் பல, ஆப்டிமைசர் ஓடினால்தான் வெளியே வரும். அடுத்து ‘-ஜி -ஓ1 -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்டு’. நிரல் ஓடும்போதே தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ், அன்டிஃபைன்டு என்ற இரண்டு சானிடைசர்களை இது சேர்க்கும். இதைக் கம்பைலுக்கும் லிங்குக்கும் இரண்டுக்குமே தரவேண்டும். லிங்கில் மறந்தால் பெயர் கிடைக்கவில்லை என்ற பிழைகள் வரிசையாக வரும். அட்ரஸ் சானிடைசரால் நிரல் ஏறத்தாழ 2 மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான். அன்டிஃபைன்டு சானிடைசர் தவறைச் சொல்லிவிட்டு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தவறிலேயே நிற்க ‘-எஃப்நோ-சானிடைஸ்-ரிகவர்’ சேருங்கள்.

தொடக்க மதிப்பில்லாத நினைவகத்தைப் படிப்பதை அட்ரஸ் சானிடைசர் பிடிக்காது. அதற்கு வால்கிரைண்ட் என்ற கருவி; ‘--டிராக்-ஆரிஜின்ஸ்=எஸ்’ என்று கொடுத்தால் அந்தக் குப்பை மதிப்பு எங்கே பிறந்தது என்பதையும் காட்டும். 20, 30 மடங்கு மெதுவாகும், பொறுமை வேண்டும். த்ரெட்கள் இருந்தால் த்ரெட் சானிடைசரைத் தனியாக ஓட்டுங்கள். அட்ரஸ் சானிடைசரோடு சேர்த்துப் போட முடியாது.

இவை எதுவும் வாய் திறக்கவில்லை என்றால் ‘-ஓ2’-வோடு மூன்று விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்: ‘-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலியாசிங்’, ‘-எஃப்ராப்வி’, ‘-எஃப்நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ்’. முதலாவதில் க்ராஷ் நின்றால், ஒரு வகை டேட்டாவை வேறு வகைப் பாயிண்டர் வழியாகத் தொட்டிருக்கிறீர்கள் (ஃப்ளோட்டின் முகவரியை இன்ட் பாயிண்டராக மாற்றிப் படிப்பது போல). இரண்டாவதில் நின்றால், குறியுள்ள முழு எண் எங்கோ வரம்பு மீறுகிறது. மூன்றாவதில் நின்றால் அடுத்த பதிலைப் படியுங்கள். எதில் நின்றாலும் சந்தேகம் உங்கள் கோடின் மேல்தான் விழவேண்டும்.

நான் நல் சோதனை (பாயிண்டர் எதையும் காட்டாத ‘நல்’ நிலையில் இருக்கிறதா என்ற சோதனை) போட்டிருக்கிறேன். ஆனால் அசெம்பிளியில் அந்தச் சோதனையையே காணோம். எழுதியதைக் கம்பைலர் அழிக்கலாமா?
— மூன்றாம் ஆண்டு மாணவி, திருச்சி

அந்த வரிக்கு மேலே பாருங்கள். சோதனைக்கு முன்பே அதே பாயிண்டர் வழியாக எதையாவது படித்திருப்பீர்கள். நல் பாயிண்டர் வழியாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு சி மொழி எந்த வாக்குறுதியும் தரவில்லை. கம்பைலர் அதைத் திருப்பிப் போட்டு வாசிக்கிறது: ‘இங்கே படித்துவிட்டார், ஆகவே இது நல் பாயிண்டராக இருக்க முடியாது, ஆகவே கீழே உள்ள சோதனை எப்போதும் பொய்.’ தேவையில்லாத சோதனையை எடுத்துவிடுகிறது.

இது பாடப்புத்தக உதாரணமல்ல. 2009-இல் லினக்ஸ் கெர்னலின் டன் (மெய்நிகர் நெட்வொர்க்) டிரைவரில் நடந்தது இதுவேதான். ஒரு ஃபங்ஷன் ‘டன்’ என்ற பாயிண்டரிலிருந்து ‘எஸ்கே’ என்ற உறுப்பை முதலில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ‘டன்’ நல் பாயிண்டரா என்று பார்த்தது. ஜிசிசி அந்தச் சோதனையை நீக்கியது. வெறும் க்ராஷாக முடிந்திருக்க வேண்டியது, நினைவகத்தின் 0-ஆவது பக்கத்தைத் தன் கைக்குள் வைத்திருப்பவர் கெர்னலையே பிடித்துக்கொள்ளும் ஓட்டையாகிவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2009-1897 என்று அது பதிவாகியிருக்கிறது. வரிசையைச் சரிசெய்ததோடு, கெர்னலை ‘-எஃப்நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ்’ போட்டே கம்பைல் செய்யவும் தொடங்கினார்கள்.

சி++ எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2016-இல் வந்த ஜிசிசி 6 முதல், உறுப்பு ஃபங்ஷனுக்குள் ‘திஸ்’ நல் பாயிண்டராக இருக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. ‘திஸ் நல் என்றால் திரும்பிவிடு’ என்று எழுதியிருந்த பழைய கோடு அப்போது உடைந்தது. க்யூடி 5, குரோமியம் போன்ற பெரிய திட்டங்களே அந்தப் பட்டியலில் இருந்தன. சோதனையை அழைக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் சரியான மாற்றம்.

பிரின்ட்எஃப் சேர்த்தால் க்ராஷ் நின்றுவிடுகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. ஏன்?
— வாசகர், மதுரை

பிரின்ட்எஃப் உள்ளே என்ன செய்யும் என்பது கம்பைலருக்கு முழுதாகத் தெரியாது. அதனால் அந்த அழைப்புக்கு முன்பு, வெளியிலிருந்து தொடக்கூடிய மதிப்புகளை எல்லாம் நினைவகத்தில் எழுதிவைக்கும். பிறகு மறுபடி படிக்கும். ரிஜிஸ்டர் ஒதுக்கீடும் ஸ்டாக் அமைப்பும் மாறும். த்ரெட் பிரச்சினை என்றால் நேரமும் தள்ளிப்போகும். தவறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரின்ட்எஃப்-ஐ எடுத்துவிட்டு ‘-ஓ2 -ஜி’ போட்டுக் கம்பைல் செய்து, ‘யூலிமிட் -சி அன்லிமிடெட்’ கொடுத்து, விழுந்த கோர் ஃபைலை (விழுந்த நொடியின் நினைவகப் பிரதி) ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து பாருங்கள். சில வேரியபிள்களுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வரும். கவலை வேண்டாம், ரிஜிஸ்டர்களும் விழுந்த இடத்துக் கட்டளையும் கிடைத்தால் போதும்.

நெட்வொர்க் பாக்கெட்டிலிருந்து 32-பிட் எண்களைப் படித்துக் கூட்டும் லூப். எக்ஸ்86 கணினியில் ‘-ஓ2’-வில் சரியாக ஓடியது, ‘-ஓ3’-இல் விழுகிறது. பாயிண்டர் செல்லுபடியான நினைவகத்தைத்தான் காட்டுகிறது. ஜிடிபியில் அந்த முகவரியைப் படிக்கவும் முடிகிறது!
— பொறியாளர், சென்னை

இந்த வகைக் க்ராஷ் குழப்பியே தீரும். முகவரி நல்லதுதான், அதன் கடைசி இலக்கம்தான் கெட்டது.

ஜிடிபியில் ‘எக்ஸ்/ஐ $பிசி’ அடியுங்கள். ‘மூவ்ஏபிஎஸ்’ அல்லது ‘மூவ்டிக்யூஏ’ என்ற கட்டளை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இவை 16 பைட்டை ஒரே மூச்சில் எடுக்கும். முகவரி 16-ஆல் வகுபடவேண்டும் என்பது நிபந்தனை. அந்த முகவரி எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறதோ அதைப் பதினாறடிமான எண்ணில் பாருங்கள். கணக்கிட்ட முகவரி 0-இல் முடியவில்லை என்றால் இதுதான் காரணம். லினக்ஸில் இந்த வகை விழுகைக்கு சிக்னலோடு வரும் தவறு-முகவரி 0 என்றே இருக்கும். அதைப் பார்த்து நல் பாயிண்டர் என்று ஏமாறவேண்டாம்.

எப்படி வந்தது? கேரக்டர் பஃபரின் நடுவிலிருந்து ஒரு முகவரியை எடுத்து, இன்ட் பாயிண்டராக மாற்றியிருக்கிறீர்கள். இன்ட் பாயிண்டர் என்றால் முகவரி 4-ஆல் வகுபடும் என்று கம்பைலர் நம்புகிறது. நம்ப அதற்கு உரிமை உண்டு. லூப்பை வெக்டராக்கும்போது (பல எண்களை ஒரே கட்டளையில் கையாளும்படி மாற்றும்போது) அது கணக்குப் போடுகிறது: முதலில் 0 முதல் 3 எண்கள்வரை தனித்தனியாகக் கூட்டினால் 16-இன் மடங்கை எட்டிவிடலாம், அதன் பிறகு நான்கு நான்காக எடுக்கலாம். 4-இன் மடங்கிலிருந்து தொடங்கினால் இது சரி. உங்கள் பாக்கெட்டின் தலைப்பகுதி 14 பைட் என்றால், நான்கு நான்கு பைட்டாக எவ்வளவு நகர்ந்தாலும் 16-இன் மடங்கு வரவே வராது. முதல் மூவ்டிக்யூஏ-விலேயே விழும். தனித்தனியாக எடுக்கும் சாதாரண மூவ் கட்டளை எக்ஸ்86-இல் எந்த முகவரியையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால்தான் இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது.

மாற்று எளிது. ஒரு இன்ட் வேரியபிளை வைத்து, மெம்காப்பி-யால் 4 பைட்டை அதற்குள் எடுங்கள். மெதுவாகுமோ என்று அஞ்சவேண்டாம். அளவு மாறாத 4 பைட் மெம்காப்பியை ‘-ஓ2’-வில் கம்பைலர் ஒரே மூவ் கட்டளையாக்கிவிடும். இந்தத் தவறை அன்டிஃபைன்டு சானிடைசர் ‘மிஸ்அலைண்டு அட்ரஸ்’ என்று வரி எண்ணோடு சொல்லும்.

இதே மூவ்ஏபிஎஸ் பிரின்ட்எஃப் போன்ற நூலக ஃபங்ஷனுக்குள் விழுந்தால், கையால் எழுதிய அசெம்பிளி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். 64-பிட் லினக்ஸில் ஃபங்ஷனை அழைக்கும் ‘கால்’ கட்டளை ஓடும் நொடியில் ஸ்டாக் பாயிண்டர் 16-இன் மடங்காக இருக்கவேண்டும். ஒரே ஒரு புஷ் கூடுதலானால் 8 பைட் தள்ளிப்போய்விடும்.

சி++ ஃபங்ஷன் ஒன்று முடிந்ததும், நான் அழைக்காத வேறொரு ஃபங்ஷன் ஓடுகிறது!
— மாணவர், சேலம்

மதிப்பு திருப்பவேண்டிய அந்த ஃபங்ஷனில் ஏதோ ஒரு வழியில் ‘ரிட்டர்ன்’ விட்டுப்போயிருக்கிறது. ஜிசிசி 8 முதல் ‘-ஓ2’-வில் அந்த வழி நடக்கவே நடக்காது என்று கம்பைலர் முடிவுசெய்து, திரும்பும் கட்டளையையே வைக்காது. ஓட்டம் அப்படியே நினைவகத்தில் அடுத்திருக்கும் ஃபங்ஷனுக்குள் போய்விடும். ‘-டபிள்யூஎரர்=ரிட்டர்ன்-டைப்’ போட்டால் கம்பைல் நிலையிலேயே நின்றுவிடும். சி++ எழுதும் எல்லோரும் இதை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோகன்ட்ரோலரில் இன்டரப்ட் வந்து கொடியை 1 ஆக்குகிறது. மெயின் லூப் அதைப் பார்ப்பதே இல்லை, தொங்கி நிற்கிறது.
— பட்டயப் படிப்பு மாணவர், நாகர்கோவில்

லூப்புக்குள் யாரும் கொடியை மாற்றவில்லை என்று கண்ட கம்பைலர், அதை ஒருமுறை ரிஜிஸ்டரில் படித்துவிட்டு அதையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. கொடியை ‘வாலடைல்’ என்று அறிவியுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏவிஆர் போன்ற 8-பிட் சில்லில் 16-பிட் எண்ணி ஒன்றைப் பகிர்ந்தால், அதை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும். இரண்டுக்கும் நடுவே இன்டரப்ட் வந்தால் பாதி பழையது, பாதி புதியது. படிக்கும் அந்த நொடிக்கு இன்டரப்டை நிறுத்திவைக்கவேண்டும். த்ரெட்களுக்கு இடையே வாலடைல் மருந்தல்ல. அங்கே அடாமிக் வகைகள்தான் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாதபடி படித்து எழுதப்படுபவை).

எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, சானிடைசர்கள் சுத்தம் என்கின்றன. கம்பைலரிலேயே உண்மையான பிழை இருக்க முடியுமா? இருந்தால் எப்படி நிரூபிப்பது? 200 கோப்புகள் உள்ள திட்டம்.
— மென்பொருள் பணியாளர், பெங்களூரு

இருக்க முடியும். உட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகரும் அவருடன் இருந்தவர்களும், தற்செயல் சி நிரல்களை உருவாக்கும் சிஸ்மித் என்ற கருவியால் மூன்று ஆண்டுகளில் 325-க்கும் மேற்பட்ட புதிய கம்பைலர் பிழைகளைக் கண்டு தெரிவித்ததாக 2011-இல் வெளியிட்டார்கள். ஜிசிசி, எல்எல்விஎம் என்ற இரு கம்பைலர்களும் அதில் மாட்டின.

அன்றாடப் பயன்பாட்டிலும் நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் லினக்ஸ் கெர்னல் ‘லோடு_பேலன்ஸ்’ ஃபங்ஷனில் காரணமில்லாமல் விழுந்தது. அசெம்பிளியைப் படித்த, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் ஜிசிசி 4.9.0-தான் காரணம் என்று காட்டினார்: ஸ்டாக் பாயிண்டரைக் கீழே இறக்கி இடம் ஒதுக்குவதற்கு முன்பே, அந்த ஒதுக்காத இடத்தில் கம்பைலர் ஒரு மதிப்பை எழுதிவைத்திருந்தது. அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்தால் மதிப்பு அழிந்துவிடும். டீபக் தகவலுக்கான ஒரு வசதி கட்டளைகளின் வரிசையைப் பாதித்ததுதான் மூலம். அதை அணைக்கும் ‘-எஃப்நோ-வார்-டிராக்கிங்-அசைன்மென்ட்ஸ்’ விருப்பத்தைக் கெர்னலில் சேர்த்தார்கள்.

இனி உங்கள் 200 கோப்புகள். எல்லாவற்றையும் ஒரு டைரக்டரியில் ‘-ஓ0’-விலும் இன்னொன்றில் ‘-ஓ2’-விலும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் ஃபைல்களை வைத்துக்கொள்ளுங்கள். பாதியை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் எடுத்து லிங்க் செய்யுங்கள். விழுந்தால் குற்றவாளி ‘-ஓ2’ பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். 8 லிங்க்கில் ஒரு கோப்புக்கு வந்துவிடலாம். லிங்க் நேர ஆப்டிமைசேஷன் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். சி++ என்றால் ஒரு பொறி உண்டு: ஹெட்டரில் உள்ள இன்லைன் ஃபங்ஷனும் டெம்ப்ளேட்டும் பல ஆப்ஜெக்ட் ஃபைல்களில் இருக்கும், லிங்கர் ஒரே ஒரு பிரதியைத்தான் எடுக்கும். அது ‘-ஓ0’ பிரதியா ‘-ஓ2’ பிரதியா என்பது லிங்க் வரிசையைப் பொறுத்தது. தேடல் தவறான கோப்பைக் காட்டினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கோப்பு கிடைத்ததும் ஃபங்ஷன். ஜிசிசி-யில் ‘ஆப்டிமைஸ்’ என்ற ஆட்ரிபியூட்டில் ‘ஓ0’, எல்எல்விஎம்மின் சி கம்பைலரான க்ளாங்கில் ‘ஆப்ட்நன்’, மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ‘பிராக்மா ஆப்டிமைஸ்’ கொண்டு ஒவ்வொரு ஃபங்ஷனாக ஆப்டிமைசேஷனை நிறுத்திப் பாருங்கள். அதற்கடுத்து எந்தப் படி என்பது. க்ளாங்கில் ‘-எம்எல்எல்விஎம் -ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்=’ என்று எண் கொடுத்தால் அத்தனை படிகளோடு நிறுத்தும்; அங்கேயும் பாதி பாதியாகத் தேடலாம். ஜிசிசி-யில் ‘-ஓ2’-வை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசதியாக ‘-எஃப்நோ-’ சேர்த்துக் கழியுங்கள். ‘-ஓ0’-வில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவது வீண் வேலை. தனி விருப்பம் கொடுத்தாலும் ‘-ஓ0’-வில் பெரும்பாலான ஆப்டிமைசேஷன் இயங்காது.

கடைசியாகக் கோடைச் சுருக்குவது. ‘-ஈ’ போட்டு ப்ரீப்ராசஸ் செய்த கோப்பை சி-ரிட்யூஸ் அல்லது சி-வைஸ் கருவியிடம் கொடுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளைப் பத்திருபது வரிக்குக் கொண்டுவரும். நீங்கள் எழுதும் சோதனை ஸ்கிரிப்டில் ‘சானிடைசர் சுத்தமாக இருக்கவேண்டும்’ என்ற நிபந்தனை கட்டாயம் இருக்கட்டும். இல்லையேல் சுருக்கும் வழியில் கருவியே தொடக்க மதிப்பை வெட்டிவிட்டு, உங்கள் கையில் வேறொரு தவறைக் கொடுத்துவிடும். ஜிசிசி-காரர்கள் அதைப் பார்த்த மறு நிமிடம் மூடிவிடுவார்கள். அறிக்கையில் ‘ஜிசிசி -வி’ தரும் முழு வெளியீடு, கட்டளை வரி அப்படியே, சுருக்கிய கோப்பு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை இவை போதும்.

ஜாவா சர்வர். சில மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு ஜேவிஎம்மே விழுகிறது. இங்கே ‘-ஓ2’ எல்லாம் இல்லையே?
— வாசகர், கொழும்பு

இருக்கிறது, ஓடும்போதே நடக்கிறது. ஒரு மெத்தட் ஆயிரக்கணக்கான முறை அழைக்கப்பட்ட பிறகுதான், ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) இருக்கும் சி2 கம்பைலர் அதை முழுவீச்சில் ஆப்டிமைஸ் செய்யும். தாமதமாக விழுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். விழுந்த இடத்தில் ‘எச்எஸ்_எர்_பிஐடி’ என்று தொடங்கும் பதிவுக் கோப்பு இருக்கும். அதில் ‘ப்ராப்ளமாடிக் ஃப்ரேம்’ வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள் (இங்கே சொல்பவை ஆங்கிலப் பெரிய எழுத்துகள்): ‘சி’ என்றால் நேட்டிவ் நூலகம், முதல் சந்தேகம் ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து சி நூலகத்தை அழைக்கும்) கோடின் மேல், ‘ஜே’ என்றால் கம்பைல் ஆன ஜாவா மெத்தட், ‘வி’ என்றால் ஜேவிஎம்மின் உள்ளே. ‘கரன்ட் கம்பைல்டாஸ்க்’ என்ற பகுதி இருந்தால், கம்பைல் செய்துகொண்டிருந்தபோதே கம்பைலர் விழுந்திருக்கிறது; மெத்தட்டின் பெயரும் அங்கேயே இருக்கும்.

அந்த ஒரு மெத்தட்டை மட்டும் ‘-எக்ஸ்எக்ஸ்:கம்பைல்கமாண்ட்=எக்ஸ்க்ளூட்’ கொண்டு விலக்கி ஓட்டிப் பாருங்கள். பெயர் தெரியவில்லை என்றால் ‘-எக்ஸ்எக்ஸ்:டியர்டுஸ்டாப்அட்லெவல்=1’ கொடுத்து சி2-வை முழுதாக ஒதுக்குங்கள். நின்றுவிட்டால் அதே வரிசையின் புதிய திருத்த வெளியீட்டுக்கு மாறுவது அடுத்த படி.

2011 ஜூலையில் ஜாவா 7 வெளிவந்த நாளிலேயே, லூப் ஆப்டிமைசேஷன் பிழைகளால் அப்பாச்சி லூசீன், சோலார் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டும் பாதிக்கப்படும் என்று அந்தத் திட்டத்தினர் எச்சரித்தார்கள். சில இடங்களில் ஜேவிஎம் விழுந்தது. அதைவிட மோசம், சில இடங்களில் விழாமலே தேடல் இன்டெக்ஸைக் கெடுத்தது. ‘-எக்ஸ்எக்ஸ்:-யூஸ்லூப்ப்ரெடிகேட்’ க்ராஷைத் தடுத்தது. இன்டெக்ஸ் கெடுவதற்கு அது முழுத் தீர்வாக இல்லை. க்ராஷ் நின்றதும் வேலை முடிந்ததென்று நினைக்காமல், விடைகள் சரியா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு தொல்லைக்கு ‘-ஓ0’-விலேயே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டால்?
— வாசகர், ஓசூர்

அர்ரே எல்லை மீறல் அப்படியே இருக்கும். வேறொரு நாள், வேறொரு உள்ளீட்டில் விழும். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு லோக்கல் வேரியபிள் சேர்த்தாலே போதும். அவசரத்துக்கு ஒரே ஒரு கோப்பை மட்டும் ‘-ஓ1’-இல் வைத்து அனுப்பலாம், காரணம் தெரியும்வரை தேடலைத் தொடர்வதாக இருந்தால்.

ஒரே எக்ஸிகியூட்டபிள். சில கணினிகளில் மட்டும் விழுகிறது. ‘-ஓ1’ என்றால் எங்கும் விழவில்லை. இதற்கு மேல் எங்கே தேடுவது?
— கணினி நிர்வாகி, புதுச்சேரி

இதே நிலையில் ஓகாமல் என்ற நிரல் மொழிக்காரர்கள் 2016-இல் இருந்தார்கள். ஓகாமல் 4.03-இன் ரன்டைமை ஜிசிசி ‘-ஓ2’-வில் கம்பைல் செய்தால் குப்பை சேகரிப்பு (இனித் தேவைப்படாத நினைவகத்தை மீட்பது) ஓடும்போது எப்போதாவது விழும், ‘-ஓ1’-இல் விழாது. சில இன்டெல் கணினிகளில் மட்டும். ஓகாமலை உருவாக்கியவர்களில் ஒருவரான சேவியர் லெராய் உள்ளிட்டோர் தேடிக்கொண்டே போனதில், ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரே கோரில் இரண்டு த்ரெட்களை ஓட்டும் வசதி) அணைத்தால் க்ராஷ் நின்றது. கோடிலும் தவறில்லை, ஜிசிசி-யிலும் தவறில்லை. இன்டெலின் ஸ்கைலேக் ப்ராசசரிலேயே தவறு. ‘ஏஎச்’ போன்ற 8-பிட் ரிஜிஸ்டரையும் அதன் பெரிய வடிவத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் 64 கட்டளைக்குக் குறைவான லூப், இரண்டு த்ரெட்களும் ஒரே கோரில் மும்முரமாக இருக்கும்போது தவறான விடை தரலாம். ‘-ஓ2’ அப்படிப்பட்ட லூப்பை உருவாக்கியது, ‘-ஓ1’ உருவாக்கவில்லை. மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்) புதுப்பித்தலால் சரியானது. டெபியன் லினக்ஸ் 2017 ஜூனில் தன் பயனாளிகளை எச்சரித்தது.

ஆகவே விழும் கணினிகளின் ‘/ப்ராக்/சிபியூஇன்ஃபோ’-வில் மாடல், ஸ்டெப்பிங், மைக்ரோகோட் என்ற மூன்று வரிகளையும் எடுத்து, விழாதவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட்டி ரேமைக் கழியுங்கள். பயாஸையும் மைக்ரோகோடையும் புதுப்பித்துவிட்டு, பிறகு ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விழ எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். வழக்கமாக 2 மணி நேரத்தில் விழும் நிரல் 3 மணி நேரம் நின்றது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. 20 மணி நேரமாவது ஓடவிடுங்கள்.